வரத்தும் இருப்பும்: கும்பகோணத்திலிருந்து தனுஷ்கோடி வரை

கும்பகோணம் – தஞ்சாவூர்

காவிரிப் படுகையில் ஆடி என்பது நீர் வந்து சேரும் மாதம். மேட்டூர் அணை வழக்கமான நாளாகிய ஜூன் 12-இல் திறக்கப்படும் ஆண்டுகளில், ஆடி பிறக்கும் முன்பே கல்லணையைக் கடந்த நீர் வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு எனப் பிரிந்து வாய்க்கால்களுக்குள் புகுந்துவிடுகிறது. கரையோர மக்கள் பதினெட்டாம் பெருக்கன்று அதற்குக் காப்பரிசி படைத்து வணங்குகிறார்கள். அதே மாதத்தில், தெற்கே 200 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், இராமநாதபுரத்துக் கண்மாய்கள் அடிமண் வெடித்துக் கிடந்து ஐப்பசி மழைக்குக் காத்திருக்கின்றன. ஒரு நிலம் வரத்தை நம்பி வாழ்கிறது, மற்றொன்று இருப்பை நம்பி வாழ்கிறது. அணைகளின் நிலவரத்தைச் சொல்லும்போது நாளேடுகள் அன்றாடம் கையாளும் இவ்விரு சொற்களும், ஒரு பழைய மோட்டார் வண்டியின் மின்னமைப்பை விளக்குவதற்கும் இவற்றைவிடப் பொருத்தமான சொற்கள் இல்லை என்னும்படி அமைந்துள்ளன. ஆடி மாதத்துக் கடைசி வாரத்தில் கும்பகோணத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மூவர் மேற்கொண்ட பயணம் இதனை வழிநெடுகக் காட்டியது.

வண்டி 1980-களின் நடுவில் உத்தரபாராவில் உருவான அம்பாசிடர். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி 1950-களின் இறுதியில் தொடங்கிய இந்த வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றுபோனாலும், படுகையின் சிற்றூர்களில் கல்யாண ஊர்வலத்துக்கும் நெடும்பயணத்துக்கும் அதை இன்னும் வைத்துப் பேணுவோர் இருக்கிறார்கள். இதன் எஞ்சின் 1489 சி.சி. கொள்ளளவுடைய பழைய பெட்ரோல் எஞ்சின். அதன் பக்கவாட்டில் முதலில் இருந்தது டைனமோ, பின்னாளில் ஒரு பட்டறையில் அதைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் பூட்டியிருந்தார்கள்.

இரண்டுமே எஞ்சினின் சுழற்சியைப் பெல்ட் வழியாக வாங்கி மின்சாரமாக மாற்றுபவை; 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இரண்டுக்கும் அடிப்படை. டைனமோவில் காந்தப்புலம் அசையாமல் நிற்க, அதற்குள் கம்பிச்சுருள் சுழல்கிறது. எனவே உண்டாகும் மின்சாரம் முழுவதையும் சுழலும் செப்புப் பட்டைகளிலிருந்து கார்பன் பிரஷ்கள் உரசி எடுக்க வேண்டும். ஆல்டர்னேட்டரில் ரோட்டார் எனப்படும் மின்காந்தம் நடுவில் சுழல, மின்சாரம் பிறக்கும் கம்பிச்சுருளாகிய ஸ்டேட்டர் சுற்றிலும் அசையாமல் நிற்கிறது. ரோட்டாரைக் காந்தமாக்கத் தேவைப்படும் சில ஆம்பியர் மட்டுமே பிரஷ்களின் வழியே செல்கிறது. ஸ்டேட்டரில் பிறப்பது மாறுமின்னோட்டமாதலால், டயோடு எனப்படும் ஒருவழிக் கதவுகள் அதனை ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகின்றன. எஞ்சின் மெல்ல ஓடும்போதும் போதிய மின்சாரம் தருவதே ஆல்டர்னேட்டரின் பெருஞ்சிறப்பு. ஆயினும் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அதற்கு இன்றும் டைனமோ என்றே பெயர். ‘செல்ஃப் – டைனமோ – வயரிங்’ என்னும் பெயர்ப்பலகை இல்லாத ஊர் இல்லை.

தஞ்சாவூர் வரை சாலையின் இருபுறமும் நாற்றங்கால்களும் உழவோடிய சேற்று வயல்களும் தொடர்ந்தன. வண்டியில் குறையேதும் தெரியவில்லை.

ஆதனக்கோட்டை

தஞ்சையை விட்டுப் புதுக்கோட்டைச் சாலையில் சென்றால், சிறிது தொலைவிலேயே வண்டல் மறைந்து செம்மண் தொடங்குகிறது. கந்தர்வகோட்டையைத் தாண்டியதும் முந்திரிக் காடுகள் அடர்கின்றன. ஆதனக்கோட்டையில் சாலையோரப் பந்தல்களின் கீழ்ப் பெண்கள் முந்திரிக் கொட்டையை வறுத்து உடைத்து விற்கிறார்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் தன்மையுடையது. தீயில் பொங்கி எரியும்போது அதன் கரும்புகை கண்ணைக் கரிக்கும். அந்தப் புகைக்கும் எண்ணெய்க்கும் நடுவில் பல ஆண்டுகள் உட்கார்ந்து கறுத்த விரல்கள், உடையாத முழுப்பருப்பை ஒரே தட்டில் வெளியே எடுக்கின்றன. வாங்குவோர் பருப்பின் வெண்மையைத்தான் பார்க்கிறார்கள். அதைத் தரும் விரல்களையும் ஒரு கணம் பார்ப்பது நல்லது.

பருப்பை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பியபோது முதல் அறிகுறி தோன்றியது. டாஷ்போர்டில் சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டிய சிவப்பு சார்ஜ் விளக்கு, முற்றும் அணையாமல் கனிந்த கரித்துண்டைப் போல மங்கலாக நின்றது. இந்தச் சிறு விளக்கைப் பலர் வெறும் எச்சரிக்கைக் குறியாகவே எண்ணுகின்றனர். உண்மையில் ரோட்டாரைக் காந்தமாக்கும் முதல் மின்சாரம் இந்த விளக்கின் வழியாகத்தான் செல்கிறது. ஆல்டர்னேட்டர் தானே மின்சாரம் தரத் தொடங்கியதும் விளக்கின் இருமுனைகளிலும் வோல்ட் அளவு சமமாகிவிட, அது அணைகிறது. அரைகுறையாக எரியும் விளக்கு, அந்தச் சமநிலை குலைந்திருக்கிறது என்பதற்குச் சான்று.

புதுக்கோட்டை

இத்தகைய வேளையில் அனுபவமுள்ள ஓட்டுநரின் கை முதலில் ஃபேன் பெல்ட்டுக்கே செல்லும், செல்லவும் வேண்டும். அம்பாசிடரில் ஒரே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் விசிறியையும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றுகிறது. அது அறுந்தால் மின்சாரம் நிற்பது மட்டுமன்றி, சில கிலோமீட்டருக்குள் எஞ்சின் கொதித்துவிடும். இரண்டு புல்லிகளுக்கு இடைப்பட்ட நீண்ட பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அமிழ்வது சரியான இறுக்கம். இந்தப் பெல்ட் அதைப்போல இரு மடங்கு அமிழ்ந்தது. பேருந்து நிலையத்துக்கு அருகில் வண்டியை நிறுத்தி, ஆல்டர்னேட்டரைத் தாங்கும் சரிவுப்பட்டையின் போல்ட்டைத் தளர்த்தி, ஒரு கட்டையால் நெம்பி இறுக்கினார்கள். அப்போது விளக்கு அணைந்தது போலத் தோன்றிற்று. நகரெல்லையைத் தாண்டியதும் மீண்டும் மினுங்கியது. பெல்ட் தளர்ந்திருந்தது உண்மைதான், ஆனால் அது நோயின் காரணமன்று. கண்ணில் பட்ட முதற்குறையைச் சரிசெய்ததும் தேடுதலை நிறுத்திவிடும் மனப்பாங்கே பழைய வண்டிகளில் பெரும்பாலான செலவுகளுக்கு வித்திடுகிறது.

எஞ்சியிருப்பது பேட்டரியிலுள்ள இருப்பு மட்டுமே என்று கொண்டு அவர்கள் கணக்கிட்டார்கள். பேட்டரி 60 ஆம்பியர்-மணி அளவுடையது. அதாவது 5 ஆம்பியர் வீதம் எடுத்தால் 12 மணி நேரம் தாங்க வேண்டும். பாதி நிறைந்திருப்பதாக வைத்துக்கொண்டால் 30. பகலில் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலுக்கும் சில்லறைத் தேவைகளுக்கும் 5 ஆம்பியர் போதும். ஆகவே ஆறு மணி நேரம் ஓடலாம். முகப்பு விளக்குகளைப் போட்டாலோ தேவை மும்மடங்காகும். இரண்டு மணி நேரமே தாங்கும். டீசல் வண்டியாக இருந்திருந்தால், பழைய வகைப் பம்பு மின்சாரமின்றியே எண்ணெயை அழுத்தித் தெளிக்குமாதலால், ஒருமுறை கிளம்பிவிட்ட எஞ்சின் பேட்டரியைப் பொருட்படுத்தாமல் ஓடியிருக்கும். பெட்ரோல் வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே இருட்டுவதற்குள் காரைக்குடியை அடைவதென்று முடிவாயிற்று.

திருமயம்

திருமயத்தில் வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்தினார்கள். செல்ஃப் மோட்டார் ஒருமுறை சுழலப் பேட்டரியிலிருந்து நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; உருட்டிக் கிளப்பினால் அது மிச்சம். இரண்டாம் கியரில் வைத்து கிளட்சை விடும் இந்தப் பழக்கம் ஒரு தலைமுறைக்கு முன் ஓட்டுநர் அனைவருக்கும் கைவந்திருந்தது.

கிழவன் சேதுபதி 1687-இல் எழுப்பியதாகக் கூறப்படும் கோட்டை பாறையின் உச்சியில் வட்டமாக நிற்க, அதே பாறையின் அடிவாரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகருகே குடைவரைகள் உள்ளன. விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்த ஊரும் இதுவே. அரை நாளேனும் செலவிட வேண்டிய இவ்விடத்தில் அன்று அரை மணி நேரமே கிடைத்தது. வெயில் சாய்ந்திருந்தது.

காரைக்குடி

விளக்குப் போடும் நேரத்தில் வண்டி காரைக்குடி விடுதியின் முற்றத்தை அடைந்தது. மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஓசை மட்டுமே கேட்டது. முந்தைய மாலை பாதியேனும் இருந்த மின்சாரம், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போன பிறகு, ஓரிரவில் காணாமற்போயிருந்தது. இந்தப் புதிருக்கு முதல் விடை சொன்னவர் விடுதியின் இரவுக் காவலர். “ராத்திரி பூரா வண்டிக்குள்ள ஒரு சிவப்புப் பொட்டு மின்னிக்கிட்டே இருந்துச்சு சார். நீங்கதான் எதையோ போட்டு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்” என்றார். பானட்டைத் திறந்து தொட்டுப் பார்த்தபோது எஞ்சின் கல்லாகக் குளிர்ந்திருக்க, ஆல்டர்னேட்டரின் உடல் மட்டும் இளஞ்சூடாக இருந்தது.

அருகிலிருந்த பேட்டரிக் கடையில் புதிய பேட்டரி வாங்கச் சொன்னார்கள். வாங்கியிருந்தால் அதுவும் மறுநாள் காலையில் வெறுமையாகியிருக்கும். நல்வாய்ப்பாக, காவலர் காட்டிய இன்னோர் இடத்துக்கு வண்டியைத் தள்ளிச்சென்றார்கள்: இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே தகரக் கூரையிட்ட, அறுபதைக் கடந்த ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனின் பட்டறை. அவர் எதையும் கழற்றுவதற்கு முன் செவிகொடுத்தார். எப்போது தொடங்கியது, என்ன செய்தார்கள், இரவில் என்ன தெரிந்தது என்று வரிசையாகக் கேட்டார். சிவப்புப் பொட்டைப் பற்றிக் கேட்டதும் தலையசைத்து, “ராத்திரி யாரோ கரண்ட் குடிச்சிருக்காங்க. யாருன்னு பாத்துருவோம்” என்றார்.

மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தபோது 11.4 வோல்ட் காட்டியது. ஆறு அறைகள் கொண்ட ஈய-அமிலப் பேட்டரியில் ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருமாதலால், நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி, 11.8-க்குக் கீழே போனால் வெறுமை. அடுத்து அவர் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவே ஒரு பல்பை இணைத்தார். சாவி அணைந்திருந்தும் பல்பு எரிந்தது. உதவியாளரிடம், “தம்பி, டைனமோ பின்னாடி இருக்கிற பெரிய வயரை எடு” என்றார். எடுத்ததும் பல்பு அணைந்தது, வைத்ததும் எரிந்தது. கள்வன் ஒளிந்திருந்த வீடு தெரிந்துவிட்டது. வயரை மீண்டும் பொருத்தியபின் ஸ்க்ரூ டிரைவரை ஆல்டர்னேட்டரின் பின்புறம் கொண்டுசென்றார். நின்றுகொண்டிருந்த வண்டியில், சாவியும் அணைந்த நிலையில், இரும்பு முனை பேரிங் மூடியில் ஒட்டிக்கொண்டது. உள்ளே ரோட்டார் இரவு முழுவதும் காந்தமாகவே இருந்திருக்கிறது. சிவப்புப் பொட்டுக்கும் இளஞ்சூட்டுக்கும் அதுவே காரணம்.

ஆல்டர்னேட்டருக்குள் முக்கியமான டயோடுகள் ஆறு. அவற்றில் பாசிடிவ் பக்கத்திலுள்ள மூன்றும் மின்சாரத்தைப் பேட்டரிக்குள் போக விடுமேயன்றித் திரும்பி வர விடா. அவற்றுள் ஒன்று உள்ளே உருகி இருவழியும் திறந்துகொண்டால், பேட்டரியின் மின்சாரம் அதன் வழியே ஸ்டேட்டருக்குள் திரும்பி, அங்கிருந்து ரோட்டாரை அடைந்து வீணே செலவாகும். வரத்துக்கால் வழியாகவே கண்மாய்த் தண்ணீர் ஆற்றுக்குத் திரும்பிப் போவதற்கு இணையான கேடு இது. வேறொரு பேட்டரியின் துணையால் எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தபோது, நல்ல நிலையில் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டிய மீட்டர் 12.3-ஐத் தாண்டவில்லை, மாறுமின்னோட்ட அளவையில் வைத்தபோது அரை வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாத சிற்றலை ஒரு வோல்ட்டைக் கடந்தது. காதுக்கு ஒரு மெல்லிய உறுமலும் கேட்டது.

அப்போது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், ஓடும் எஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றார். டைனமோ காலத்தில் பலரும் செய்த சோதனை அது. எலக்ட்ரீஷியன் கையை நீட்டித் தடுத்தார். பேட்டரி என்னும் தாங்குகுளம் இல்லாதபோது ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஒரு கணத்தில் பன்மடங்கு எகிறி, எஞ்சிய நல்ல டயோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும். ரெகுலேட்டர் என்பது ரோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் சிறு கருவி. பட்டறைகளில் அதற்குப் பழைய பெயரான கட்அவுட் என்பதே இன்னும் நிலைத்திருக்கிறது.

கழற்றிப் பிரித்தபோது கேடு ஒன்றோடு நிற்கவில்லை என்பது தெரிந்தது. ஸ்டேட்டரின் மூன்று சுருள்களில் ஒன்று கருகியிருந்தது. பிரஷ்கள் 4 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தன. அவை உரசும் ஸ்லிப் ரிங்குகளில் பள்ளம் விழுந்திருந்தது. முன்பேரிங் விரலால் சுற்றும்போதே கரகரத்தது. டயோடு தகட்டை மட்டும் மாற்றியிருக்கலாம், காயில் கட்டியிருக்கலாம், ரிங்கை லேத்தில் கடைந்திருக்கலாம்; ஆனால் எல்லாவற்றையும் செய்தபின் ஆகும் செலவு புதியதன் விலையை நெருங்கும் என்றும், நெடும்பயணத்தில் இருப்பவர்களுக்குத் தாம் அதைப் பரிந்துரைப்பதில்லை என்றும் அவர் கூறினார். ஒவ்வொன்றையும் மேசைமேல் பரப்பிக் காட்டிய பிறகே இதைச் சொன்னார். மாற்று ஆல்டர்னேட்டர் மதுரையிலிருந்து மாலைப் பேருந்தில் வரும் என்று ஏற்பாடாயிற்று.

எனினும் அவருடைய தேடல் முடிந்திருக்கவில்லை. இந்தப் பட்டறையின் தனிச்சிறப்பு அங்கேதான் வெளிப்பட்டது. டயோடு தானாகச் சாவதில்லை, அதைக் கொன்றது எது என்று கேட்டபடி அவர் வயரைப் பின்தொடர்ந்தார். பழைய டைனமோ அதிகம் போனால் 22 ஆம்பியர் தந்திருக்கும். அதற்கென்று போட்ட மெல்லிய வயரையே, ஏறக்குறைய இரு மடங்கு தரும் ஆல்டர்னேட்டரைப் பூட்டியவர்களும் அப்படியே விட்டிருந்தார்கள். பயனற்ற பழைய கட்அவுட் பெட்டி இன்னும் தகட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வயர் அதன் முனை வழியாகவே சென்றது. அந்த முனையின் பிளாஸ்டிக் உருகி, திருகு தளர்ந்து, தொட்டால் ஆடியது. மேடுபள்ளத்தில் அந்தத் தொடர்பு விட்டுவிட்டுச் சேரும் ஒவ்வொரு கணமும், ஓடும் எஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றுவதற்குச் சமம். “டைனமோ போச்சுன்னு யாராவது சொன்னா உடனே நம்பாதீங்க சார். முதல்ல வயரைப் பாருங்க. இதை விட்டுட்டுப் புதுசு போட்டா, அதுவும் ஆறு மாசத்துல இங்கதான் வரும்” என்றார் அவர். ஒரு தொழிலின் அறிவு முழுவதும் அந்தச் சொற்களில் இருந்தது.

செட்டிநாட்டு வீடுகள்

காத்திருக்க வேண்டியிருந்த நாளை அவர்கள் காரைக்குடியிலும் ஆத்தங்குடியிலும் கழித்தார்கள். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சாந்தை வார்த்து, மணலும் சிமெண்டும் இட்டு, சூளையில் சுடாமலே தண்ணீரில் ஊறவைத்துத் தரைக்கற்கள் செய்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூண்களுடைய பெருவீடுகளின் நடுமுற்றங்களில், நாற்புறத்து ஓட்டுச் சரிவுகளிலிருந்தும் இறங்கும் மழைநீர் அண்டாக்களில் பிடிக்கப்படுகிறது. மிஞ்சியது தெருவின் வடிகால் வழியே ஊருணிக்குச் செல்கிறது. ஊருணி என்பது குடிநீருக்கென்று ஊரார் காக்கும் குளம். கும்பகோணத்துக் குளங்கள் வாய்க்காலால் நிறைபவை. இங்கே கூரையும் தெருவும் குளத்துக்கு நீர் சேர்க்கும்படி ஊரே வகுக்கப்பட்டிருக்கிறது.

வீடொன்றைக் காத்துவரும் முதிய ஆச்சி, வந்தவர்களை உண்ணாமல் அனுப்பவில்லை. வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் முதலில் வந்தன. பகலுணவில் வெண்டைக்காய் மண்டி இருந்தது. அரிசி களைந்த இரண்டாம் நீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கிச் சேர்த்துச் செய்யும் குழம்பு அது. படுகை நாட்டில் அந்தக் கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போகும். “களைஞ்ச தண்ணியக் கீழ ஊத்தலாமாப்பா?” என்று ஆச்சி கேட்டபோது, கூட ஒரு கரண்டி வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு மறுமொழி இருக்கவில்லை. இனிப்புக்குக் கவுனி அரிசி வந்தது; பர்மாவோடு நடந்த வணிகத்தின் எச்சமாகிய கருஞ்சிவப்புச் சோறு.

பேட்டரி வெறுமையான ஊர் காரைக்குடியாக அமைந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. மின்வேதியியலுக்கென்று இந்தியா நிறுவிய மத்திய ஆய்வகம், சிக்ரி என்று ஊரார் சொல்வது, இங்கேதான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் அது இங்கே வந்தது. 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-இல் அது திறக்கப்பட்டது. பேட்டரிக்குள் ஈயமும் ஈய ஆக்சைடும் கந்தக அமிலத்தோடு வினைபுரிந்து மின்சாரம் தரும்போது இரு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படிகிறது. சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். வெறுமையாகவே பல நாள் கிடந்தால் படிகமாக இறுகிப் பின் கரையாது. எலக்ட்ரீஷியன் இந்த வேதியியலைப் படித்தவரல்லர்; ஆயினும் அன்று காலையிலேயே பேட்டரியை இறக்கி, குறைந்த ஆம்பியரில் நாள் முழுவதும் மெல்ல சார்ஜ் போட வைத்துவிட்டார். மாலையில் அமிலத்தின் அடர்த்தி ஹைட்ரோமீட்டரில் 1.26-ஐத் தொட்டது.

மீண்டும் வேப்பமரத்தடி

மறுநாள் காலையில் பூட்டுவதற்கு இரண்டு மணி நேரம் போதுமானதாக இருந்தது. பழைய ஆல்டர்னேட்டரின் புல்லியைக் கழற்றிப் புதியதில் போட்டார்கள். அதன் பள்ளமும் விட்டமும்தான் பெல்ட்டுக்குப் பொருந்துபவை. மூன்று புல்லிகளின் முகங்களும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தபோது இரண்டு மில்லிமீட்டர் விலகல் தெரிந்தது. போல்ட்டில் ஒரு வாஷரைச் சேர்த்து அதைச் சரிசெய்தார்கள். புதிய பெல்ட் விரலுக்கு 10 மில்லிமீட்டர் அமிழ்ந்தது. தடித்த புது வயர் ஆல்டர்னேட்டரிலிருந்து பழைய பெட்டியைத் தொடாமல் நேராகச் சென்றது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றித் துருவைத் தேய்த்து மறுபடி முடுக்கினார்கள். பேட்டரியின் நெகடிவ் வயர் எல்லாவற்றுக்கும் கடைசியாக மாட்டப்பட்டது. தொடங்கும்போது முதலில் கழன்றதும் அதுதான். ஸ்பானர் தவறி எங்கேனும் பட்டாலும் தீப்பொறி பறக்காமலிருக்க இதுவே வழி.

சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. எஞ்சின் கிளம்பியதும் சுவடின்றி அணைந்தது. மீட்டர் 14.2 காட்டியது. முகப்பு விளக்குகளைப் போட்டும் 13.8-க்குக் கீழே இறங்கவில்லை. புது வயரின் இரு முனைகளுக்கும் இடையிலான இழப்பு 0.2 வோல்ட். எலக்ட்ரீஷியன் அந்த எண்களை ஒரு காகிதத்தில் குறித்துக் கொடுத்து, “பத்திரமா வச்சுக்குங்க. அடுத்தவன் பாக்கும்போது உதவும்” என்றார்.

இராஜசிங்கமங்கலம் – இராமநாதபுரம்

தேவகோட்டை ரஸ்தாவுக்குத் தெற்கே நிலம் தட்டையாகிறது. பனைகள் தனித்தனியாக நிற்க, அவற்றுக்கு இடையில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. இராஜசிங்கமங்கலத்துக் கண்மாயின் கரை சாலைக்கு அருகில் பல கிலோமீட்டர் கூடவே வருகிறது. அதன் அகலத்தையும் மதகுகளின் எண்ணிக்கையையும் வியந்து ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று இவ்வட்டார மக்கள் சொல்வதுண்டு. அந்த ஆடியில் அடிநிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஆடுகள் உள்ளே மேய்ந்தன. வரத்துக்காலைத் தூர்வாரிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வண்டியைக் கண்டு நின்றார். கும்பகோணம் என்றதும், “உங்க ஊர்ல இப்ப தண்ணி ஓடுமேய்யா” என்றார். அதில் பொறாமை இல்லை. விசாரிப்பு மட்டுமே இருந்தது. கண்மாய் நிறைந்தால் மட்டும் போதாது, வரும் வழி அடைபடாமலும் மடை கசியாமலும் இருந்தால்தான் தை வரை தாங்கும் என்று அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு விளக்கினார். மழைக்கு இரண்டு மாதம் முன்பே அந்தக் கால்வாயில் அவர் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்த்துவிட்டு இராமநாதபுரத்தை அடைந்தபோது, கடைவீதியில் மணியைப் போல் உருண்ட முண்டு மிளகாய் குவிந்திருந்தது. மானாவாரி நிலத்தில் விளையும் இந்த மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மண்டபம் – பாம்பன்

மண்டபத்தில் உப்புக்காற்று தொடங்குகிறது. இரும்பை இவ்வளவு விரைவாகத் தின்னும் காற்று அரிதென்பதால், சிக்ரியின் அரிமான ஆய்வுக் களம் ஒன்று இங்கேயே இருக்கிறது. காரைக்குடியில் எர்த் பட்டையின் முனைகளில் வாசலைன் தடவச் சொன்னதன் பொருள் இங்கு வந்தபின் விளங்கிற்று. 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தபோது இரண்டு இரயில் பாலங்கள் தெரிந்தன. 1914-இல் திறந்த பழைய பாலத்தின் நடுக்கண், கப்பல் வரும்போது தொழிலாளர் கையால் சுற்றித் திறந்தது. 1964 புயலில் சிதைந்து 46 நாளில் மீட்கப்பட்டதும் அதுவே. 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள கண் மின்மோட்டார்களால் செங்குத்தாக மேலெழுகிறது.

தனுஷ்கோடி

இராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை செல்கிறது. இருபுறமும் கடல், நடுவே மணலும் சிதைந்த தேவாலயமும் இரயில் நிலையத்தின் எச்சங்களும். 1964 டிசம்பர் 22 இரவில் எழுந்த புயலலை ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயிலையும் கொண்டுபோயிற்று. சென்னையிலிருந்து இரயிலில் வந்து இங்கே கப்பலேறித் தலைமன்னாருக்குப் போன வழி அன்றோடு முடிந்தது. இப்போது கீற்றுக் கொட்டகைகளில் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. சங்கு விற்கிறார்கள், மீன் பொரித்துத் தருகிறார்கள். கணவாயை மிளகாய்த்தூளில் புரட்டி ஒரு பெண் பொரித்துக் கொடுத்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டபோது குடத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் நடந்தார்.

கடலலையிலிருந்து கூப்பிடு தொலைவில், மணலில் கையால் தோண்டிய முழங்கை ஆழக் குழி. அடியில் ஒரு சாண் தண்ணீர். நாவில் வைத்தால் உப்பில்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனத்த கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பதால் இந்த நன்னீர் கிடைக்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ விரைந்து இறைத்தாலோ கீழிருந்து கரிப்பு ஏறிவிடும். அந்தப் பெண் சிரட்டையால் நாலைந்து முறை முகந்து குடத்தில் ஊற்றிவிட்டு, மணலில் உட்கார்ந்தார். உதவ முன்வந்தவரைத் தடுத்து, “இருங்கண்ணே, ஊறட்டும்” என்றார். குழியின் ஓரத்து மணல் மெல்லக் கருத்து நனைந்தது. மேற்கில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. சாலையில் வண்டிகள் ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பத் தொடங்கியிருந்தன. தண்ணீர் பழைய அளவுக்கு ஏறிய பின் அவர் சிரட்டையை மீண்டும் உள்ளே விட்டார்.